மேலடுக்கில் உள்ளவை

பழைய பொருள்களைத் தூக்கி எறியும் பழக்கம் எனக்கு என்றுமே இருந்ததில்லை, ஐயா. நான் ஓய்வு பெற்ற ஆண்டில் பள்ளியில் கழித்துக்கட்டிய அந்தக் கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதனால்தான். விசைப்பலகைக்குள்ளேயே கணினி, திரைக்குத் தொலைக்காட்சிப் பெட்டி, எழுதியதைச் சேமிக்க ஒலிநாடா. அண்ணன் மகள் எனக்குப் புதுக் கணினி ஒன்று வாங்கித் தந்தாள். அது, நான் பிழையறத் தட்டிய சொற்களுக்கு அடியில் சிவப்புக் கோடு கிழித்தது. வாழ்நாளெல்லாம் பிறர் எழுத்துக்குச் சிவப்புக் கோடு போட்டவன் நான். அதை அன்றே திருப்பி அனுப்பினேன்.

நான் செய்ய நினைத்தது எளிய காரியம். தமிழ் வினைச்சொல் ஒவ்வொன்றின் எல்லா வடிவங்களையும் கணினியில் ஏற்றவேண்டும். ஒரு வாக்கியத்தைத் தட்டினால், அது சரியா தவறா என்று கணினி முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். இன்று கடைப்பலகை முதல் அரசாணை வரை எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போவதில்லை. சுட்டிக்காட்டினால், “புரிஞ்சாப் போதாதா சார்” என்கிறார்கள். போதாது.

ஆனால் ககர வரிசை முடியும் முன்பே நினைவகம் நிரம்பிவிட்டது. செய்தவர்கள் இவ்வளவுதான் என்று வகுத்த எல்லை அது. நான் அதை ஏற்கவில்லை. பழைய நினைவகச் சில்லுகளின் முதுகில் புதிய சில்லுகளை ஏற்றி, காலோடு கால் சேர்த்துப் பற்றவைத்தேன். ஒரு காலை மட்டும் வளைத்துத் தனிக்கம்பி இழுத்தேன். கீழடுக்கு நிரம்பியதும் ஒரு கட்டளை தட்டினால், எல்லாம் மேலடுக்குக்குப் போய்விடும். இரண்டாம் முயற்சியிலேயே வேலை செய்தது.

குறை ஒன்று இருந்தது. ஒலிநாடாவில் சேமிக்கும் கட்டளைக்குப் பழைய எல்லை மட்டுமே தெரியும். மேலடுக்கு என ஒன்றிருப்பதையே அது அறியாது. ஆகவே அங்கே ஏற்றியவை மின்சாரம் உள்ளவரை இருக்கும். கண்ணிமைக்கும் நேரம் நின்றாலும் எல்லாம் போய்விடும். அதனால் நான் கணினியை அணைப்பதையே விட்டுவிட்டேன்.

அன்று முதல் பயம் என்னோடு குடிவந்துவிட்டது. மின்விசிறி சற்றே வேகம் தளர்ந்தால் ஓடிவந்து திரையைப் பார்ப்பேன். வீடு கூட்டும் பெண் கணினியின் செருகி இருந்த சுவர்ப்பக்கம் துடைப்பத்தை நீட்டினாள், அவளை நிறுத்திவிட்டேன். வெளியூர்த் திருமணங்களுக்குப் போகவில்லை. குளிக்கும்போதுகூடக் கதவைத் திறந்துவைத்துத் திரையின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த அறையில் அண்ணன் இருந்தார். நுரையீரல் சுருங்கிப்போனவர், மூச்சுக்கருவியின் குழாய் எப்போதும் மூக்கில் இருக்கும். மின்சாரம் போனாலும் கருவி நிற்காதிருக்க அவர் மகள் இன்வெர்ட்டர் வாங்கிவைத்தாள். “சித்தப்பா, இதுல வேற எதையும் சொருகிடாதீங்க. இது அப்பாவுக்கு மட்டுந்தான்” என்று கேட்டுக்கொண்டாள். அவள் தெருமுனை திரும்பும் முன்பே என் கணினியை அதில் இணைத்தேன். அண்ணன் பார்த்துவிட்டார். சிரித்தார்.

“என்னடா வாத்தியாரே, உன் பொட்டிக்கும் எனக்கும் ஒரே வியாதியா? கரண்டு போனா ரெண்டு பேரும் காலி. போ, எம் பொண்ணுகிட்ட சொல்லமாட்டேன்.”

சொல்லவும் இல்லை. அவர் நல்லவர்.

நீங்கள் கேட்கும் அந்த நாளில், பிற்பகலில் காற்று பலமாக அடித்து, எங்கோ மின்கம்பம் சாய்ந்தது. இன்வெர்ட்டர் சுமையை ஏற்றுக்கொண்டது. நெடுநேரம் கழித்து அது விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கியது. இரண்டையும் தாங்க இனி அதனால் முடியாது. ஒன்றை மட்டும் என்றால் இன்னும் சிறிது நேரம் ஓடும். நான் நிதானமாகவே எண்ணிப்பார்த்தேன். கருவியில்லாமல் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பார் என்று அண்ணனைப் பற்றி மருத்துவரே சொல்லியிருந்தார். கணினிக்கு அந்தக் கொஞ்ச நேரமும் இல்லை. மகளைத் தொலைபேசியில் அழைத்திருக்கலாமே என்கிறீர்கள். அவள் வந்திருந்தால் முதலில் எதைப் பிடுங்கியிருப்பாள், ஐயா?

மூச்சுக்கருவியின் செருகியை உருவினேன்.

“டேய், எதைடா புடுங்கின?”

“கொஞ்சம் பொறுத்துக்கோங்க அண்ணா. இப்ப வந்துடும்.”

அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் வலுவில்லை. “பயமா இருக்குடா. கதவையாவது சாத்தாம போ” என்றார்.

சாத்தினேன். அந்த மூச்சின் ஓசையைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கணினியின் மூடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். சூடாக இருந்தது, அதுவே ஆறுதல். பின்பு ஓசை நின்றது. இன்வெர்ட்டர் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

மின்சாரம் வந்ததும் செருகியைப் பழையபடி செருகி, குழாயை நேராக்கி, அதன்பின் மருத்துவரை அழைத்தேன். எவருக்கும் ஐயம் எழவில்லை. அண்ணன் மகள் என் கைகளைப் பற்றிக்கொண்டு, “கடைசி நேரத்துல நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே சித்தப்பா” என்று அழுதாள்.

காரியங்கள் முடிந்தபின் அவள் இன்வெர்ட்டரை எடுத்துப்போக வந்தாள். அவள் கை செருகியை நெருங்கியதும் எனக்கு நிலைகொள்ளவில்லை. “அதைத் தொடாதே. அதுக்காகத்தான் உங்கப்பாவையே விட்டேன்” என்று சொல்லிவிட்டேன். அவள் கையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து வெளியே போனாள். நேரே காவல் நிலையத்துக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அவளைக் குறைசொல்ல மாட்டேன்.

மேலடுக்கில் என்னதான் இருக்கிறது, காட்டுங்கள் என்று இப்போது நீங்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஒரு கட்டளை தட்டினால் போதும். எல்லாம் திரைக்கு வந்துவிடும். ஆனால் அன்று நான் அண்ணனின் செருகியை உருவிய நொடியில், திரை ஒருமுறை வெளுத்து மீண்டது. மிகச் சிறிய நேரம், மின்சாரம் கண்ணிமைத்ததுபோல. என் கண்ணின் பிழையாகவும் இருக்கலாம். அதன்பின் நான் மேலடுக்கைத் திறக்கவில்லை. விரல் விசைவரை போகிறது, திரும்பிவிடுகிறது.

வேண்டாம், ஐயா. அந்தக் காவலரைச் சற்றே தள்ளி நிற்கச் சொல்லுங்கள். எல்லாச் சொற்களும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. அதைத் திறந்து பார்க்காதவரை, நான் என் அண்ணனைக் கொல்லவில்லை.