தங்கைக்காகப் பேசியவள்

மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் பசி தாங்கும் வயிறு வேண்டும். விருந்தில் எல்லோரும் சாப்பிடுவார்கள். நாம் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பேசிக்கொண்டிருப்போம். நீங்கள் தேநீர் வரவழைத்துவிட்டு விசாரணையைத் தொடங்கியது எனக்குப் பிடித்திருக்கிறது, ஐயா.

உங்கள் நிறுவனம் ஜப்பானிலிருந்து எங்கள் வியட்நாமின் டா நாங் நகருக்கு வந்து நாற்பது பொறியாளர்களைத் தேடியது. தேர்வானவர்கள் முதல் மூன்று வருடம் உங்கள் நகோயா நகரில் இருக்க வேண்டும். நேர்காணலில் நான்தான் மொழிபெயர்த்தேன். ஒன்பதாவதாக என் தங்கை துயென் வந்து உட்கார்ந்தாள். உறவு என்று இருவருமே காட்டிக்கொள்ளவில்லை.

எழுதிய கணினி நிரல் பாதியில் நின்றுபோனால் என்ன செய்வாய் என்று, கேள்வி கேட்க வந்த உங்கள் அதிகாரி கவாஷிமா கேட்டார்.

"முதல்ல என் தப்பான்னு பார்ப்பேன். சரி பண்ணாம வீட்டுக்குப் போக மாட்டேன்" என்றாள் துயென்.

நான் ஜப்பானிய மொழியில் சொன்னேன்: "யார் தப்புன்னு பார்ப்பேன். நேரமாச்சுன்னா வீட்டுக்குக் கிளம்பிடுவேன்."

கவாஷிமா இருமினார். "ரொம்ப வெளிப்படையான பொண்ணு" என்றார். அதை மட்டும் அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

பிறகு நூடுல்ஸ் கடையில் இரண்டு கிண்ணம் காலி செய்தாள். "அக்கா, அவர் தலையாட்டுனதப் பார்த்தியா? எனக்கு வேலை உறுதி."

"மொதல்ல வாயைத் துடை" என்றேன். மிளகாய்க் காரத்தில் இருவருக்கும் கண்ணில் நீர் வழிய, சிரித்துக்கொண்டே வீடு திரும்பினோம். அவள் இருந்தால் வீடே கலகலப்பாக இருக்கும்.

அம்மா போனபின் அவளுக்குத் தலை வாரி விட்டவள் நான். அவளுக்குக் குளிர் ஆகாது. எதிர்வீட்டுப் பெண்ணும் மூன்று வருடம் என்றுதான் போனாள், ஏழாகிறது.

இரு மொழியும் தெரிந்த உங்கள் புதிய ஊழியர் அந்த நேர்காணலின் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டாராம். உங்களிடம் இருப்பது ஒன்றுதான். அதன்பின் மூன்று நிறுவனங்கள் வந்தன; மூன்றிலும் அவள் உட்கார்ந்தாள், மூன்றிலும் நானே பேசினேன். கடைசி நேர்காணலுக்கு அவள் எல்லாப் பதில்களையும் மனப்பாடம் செய்திருந்தாள். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

இப்போது ஹெல்மெட் கடையில் வேலை பார்க்கிறாள். கணினியை விற்றுவிட்டாள். பேச்சு குறைந்துவிட்டது, வயது கூடினால் நிதானம் வரும்தானே.

செய்தது நான்தான், மறைக்க ஒன்றுமில்லை. அவளுக்கு இதில் வருத்தம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள். அவளையே கூப்பிட்டுக் கேளுங்கள். உங்கள் மொழி அவளுக்குத் தெரியாது. நான் கூட வருகிறேன்.