முதலில் விலகியவர்

முட்டை ஏழு நிமிடத்துக்கு மேல் வெந்தால் என் கணவருக்குப் பிடிக்காது. அன்றும் ஏழு நிமிடம்தான் வேகவைத்தேன். இரண்டு துண்டு ரொட்டியை வாட்டித் தட்டில் வைத்து, மூடியும் வைத்தேன். நான் அவருக்குச் சாப்பாடு கொடுக்கவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அது சரியல்ல. தட்டு சமையலறை மேடைமேல்தான் இருந்தது.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வைத்திருந்தார். காலையில் நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அவரே மாட்டிவிடுவார். "இப்பத் தெரியுதா, உன் புருஷன் எவ்வளவு அழகுன்னு?" என்பார். சண்டை நாட்களைத் தவிர ஒருநாளும் அது தவறியதில்லை.

சண்டை என்றால் அவருக்கு ஒரே வழிதான். அவருக்குச் சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கோபம் வந்தால் ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துவிடுவார். அப்படிப் படுத்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அரைமணி நேரத்தில் நான் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கெஞ்சுவேன். எங்கள் வீட்டில் தட்டைத் தொட்டவர் தோற்றவர். அவரே எழுந்து போய் எடுத்துச் சாப்பிட்டாலும் அது தோல்விதான். பதினான்கு வருடமாகத் தோற்றது நான் மட்டும்தான். திரைச்சீலையின் நிறத்திலிருந்து, குழந்தைக்காக இன்னொரு டாக்டரிடம் போக வேண்டாம் என்பது வரைக்கும் அப்படித்தான் முடிவானது.

நான் நடத்தும் பாடம் ஆட்டக் கோட்பாடு. அதில் ஓர் ஆட்டம்: இரண்டு கார்கள் நேருக்கு நேர் வேகமாக வருகின்றன. முதலில் விலகுகிறவர் தோற்றார். இருவருமே விலகாவிட்டால் இருவரும் ஒழிந்தார்கள். இதில் ஜெயிக்க வேண்டுமென்றால், நான் விலகவே மாட்டேன் என்று எதிராளி நம்ப வேண்டும். வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஸ்டீயரிங்கைக் கழற்றி அவன் கண்ணெதிரே வெளியே எறிய வேண்டும். மாணவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். பல வருடமாக நடத்துகிறேன். என் வீட்டில் நடப்பதும் இதே ஆட்டம்தான் என்று போன மாதம்தான் உறைத்தது.

வேறு ஊர்க் கல்லூரியில் துறைத் தலைவர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கடையை விட்டு வர முடியாது என்றார் அவர். சனிக்கிழமை அவரிடம் நேராகவே சொன்னேன்.

"இந்தத் தடவை நான் தட்டைத் தூக்கிட்டு வரமாட்டேன்."

"மனசு கேக்குமா வாத்தியாரம்மாவுக்கு?" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் படுக்கப் போனார். நான் அவர் பார்க்கும்படி பால்கனியில் நாற்காலி போட்டு, தேர்வுத் தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பதே காலுக்கு என் நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, அண்ணன் ஏன் போனை எடுக்கல?"

"கோவம்."

"திரும்பவும் உண்ணாவிரதமா? யாரு ஜூஸ் குடுத்து முடிச்சு வைக்கறது?"

"இந்தத் தடவை யாருமில்ல."

"நான் வேணா வரட்டுமா? ரெண்டு நிமிஷம்தானே."

"வேணாம்மா. உன்னைப் பார்த்தா இன்னும் முறுக்கிப்பாரு."

சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். நான் சொன்னது பொய்யில்லை. பார்க்க ஆள் இருந்தால் அவருக்குப் பிடிவாதம் கூடும்.

ஒன்றை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். படுக்கைக்குப் பக்கத்து இழுப்பறையில் அவர் குளுக்கோஸ் டப்பா ஒன்று வைத்திருப்பார். நான் வர நேரமானால், எனக்குத் தெரியாது என்று நினைத்து ஒரு வாய் போட்டுக்கொண்டு தாக்குப்பிடிப்பார். எதிராளியிடம் அப்படி ஒரு வழி இருக்கும்வரை ஆட்டம் முடியாது. அதனால் சனிக்கிழமை மாலையே அதை எடுத்து என் கைப்பையில் வைத்துவிட்டேன். ஞாயிறு காலை அந்த இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்டது. பிறகு மூன்று முறை திறந்து மூடினார்.

பத்து மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு பால்கனி வாசல்வரை வந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"சரி. போலாம். கடைய மூடிடறேன்," என்றார். "ஏதாவது குடு."

அவர்தான் முதலில் விலகினார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

முதல் வகுப்பில் நான் சொல்லும் விதி ஒன்று உண்டு. ஆடுகிற இருவருமே யோசிக்கும் நிலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எந்தக் கணக்கும் செல்லாது. சர்க்கரை இறங்கினால் அவருக்குப் புத்தி கலங்கிவிடும். ஒருமுறை சமையலறை எங்கே இருக்கிறது என்று என்னையே கேட்டிருக்கிறார். அந்த நிலையில் கொடுத்த வாக்கை நாளைக்கு, "நான் எப்ப சொன்னேன்?" என்று மறுத்துவிடுவார். நன்றாக மனதில் பதியட்டும் என்று நினைத்தேன்.

"உக்காருங்க. இந்தப் பேப்பர் கட்டை முடிச்சிட்டு வரேன்," என்றேன்.

கதவில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தார். அந்தக் கட்டுக்குள் இருபத்து மூன்று தாள்கள் இருந்தன. நான்காவது தாளின்போது ஏதோ கேட்டார், சொல் விளங்கவில்லை. ஏழாவது தாளுக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. சாய்ந்தவாக்கில் பக்கவாட்டில் சரிந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டு எட்டாவது தாளை எடுத்தேன். கடைசித் தாள் முடிந்ததும் எல்லா மதிப்பெண்களையும் ஒருமுறை கூட்டிச் சரிபார்த்தேன். ஒன்றும் தவறாக இல்லை. பன்னிரண்டு மணிக்குத் தட்டை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தேன். தோளைத் தொட்டுக் கூப்பிட்டேன்.

ஆமாம், எல்லாம் தெரிந்துதான் செய்தேன். குளுக்கோஸ் கைக்கெட்டும் தூரத்தில், என் பையில் இருந்தது. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறைக்கவில்லை. ஆனால் புது ஊருக்கு அவரை நான் கட்டாயப்படுத்திக் கூப்பிட்டேன் என்று என் நாத்தனார் சொல்கிறாளாம். அதை மட்டும் அடித்துவிடுங்கள். அவர் மனப்பூர்வமாகத்தான் சம்மதித்தார்.