வேண்டாமக்காவின் சாவி

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, தலைமைச் செவிலியர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, மகளே, டயாலிசிஸ் முடிந்து கையில் ஒட்டிய பஞ்சைக்கூட எடுக்காமல் நேரே இங்கு வந்திருக்கும் அன்புள்ளங்களே, அனைவருக்கும் என் வணக்கம்!

நம் முதுநிலை மென்பொருள் பொறியாளர், நம் அனைவரின் வேண்டாமக்கா, நம்மை விட்டுப் போய்ப் பத்து நாள் ஆகிறது. அவர் பக்கத்து மேசையில் வேலை பார்த்த நான் துக்கத்தோடுதான் வந்தேன். ஆனால் அவரைப் பற்றிப் பேச வாயைத் திறந்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. நான் என்ன செய்ய?

இந்த மேடையில் எனக்கு ஒரு காரியமும் இருக்கிறது. அக்கா வைத்திருந்த சாவி ஒன்று இப்போது ஆளில்லாமல் கிடக்கிறது. அது யாரிடம் போகப்போகிறது என்பது தெரியாமல் நான் மைக்கை விடுவதாக இல்லை. இயக்குநர் ஐயா பொறுத்தருள வேண்டும்.

உங்கள் டயாலிசிஸ் இயந்திரம் பழுதானாலோ, நேரம் மாறினாலோ உங்கள் போன் 'டிங்' என்கிறதே, அதை அனுப்புவது யார்? சர்வரில் ஓடும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரல். அதை எழுதியது யார்? அக்கா! நம் இணையதளத்தில் 'அனுமதி' என்று நீங்கள் தொட்டதும் உங்கள் போன் எங்களுக்கு ஒரு முகவரி தருகிறது. அந்த முகவரிக்குத்தான் சர்வர் அறிவிப்பை அனுப்புகிறது. நீங்கள் அனுமதியை ரத்து செய்துவிட்டால், அடுத்த முறை அனுப்பும்போது எங்களுக்கு '410' என்று ஒரு எண் திரும்பி வரும். இந்த முகவரி இனி இல்லை என்று பொருள்.

நிரல் எழுதிய புதிதில் அக்கா ஒரு காரியம் செய்தார். சோதனைக்காக என் ஒருவனுடைய போனுக்கு மட்டும் ஓர் அறிவிப்பு அனுப்ப நினைத்தார். முகவரிகளை வடிகட்டும் நிரல் வரியை முதல்நாள் தற்காலிகமாக நிறுத்திவைத்ததை மறந்தே போனார். நாலாயிரத்து முந்நூறு போன்களில் ஒரே சமயத்தில் வந்து நின்றது அவருடைய செய்தி: "தம்பி, ஒரு டீ வாங்கிட்டு வா."

அரை மணி நேரத்தில் ஏழு பேர் பிளாஸ்க்கோடு வந்துவிட்டார்கள்! அவர்களில் ஒருவருக்கு எழுபத்தாறு வயது. மூச்சு வாங்க வந்து நின்றார். "என்னைத் தம்பின்னு கூப்பிட்டு எத்தனை வருஷமாச்சும்மா! அதான் உடனே கெளம்பிட்டேன்" என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார், சிரித்தார், ஏழு டீயையும் குடித்தார். அன்று முழுக்க அவருக்கு வயிறு சரியில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

மறுநாளே ஒரு விதி போட்டார். எந்த அறிவிப்பும் முதலில் இரண்டு பேர் போனுக்கு வரும். அவர்கள் இருவரும் தங்கள் ரகசியச் சாவியை, அதாவது கடவுச்சொல்லை, போனில் தட்டிச் சம்மதித்தால்தான் மற்றவர்களுக்குப் போகும். ஒரு சாவி என்னிடம். மற்றொன்று அக்காவிடம். அன்று தொடங்கியது அந்த 'வேண்டாம்'! மருத்துவமனையின் ஆண்டுவிழா வாழ்த்தா? வேண்டாம். புதுக் கட்டடத் திறப்பா? வேண்டாம். "பாத்துட்டு அவங்க என்ன செய்யணும்? ஒண்ணுமில்லையா? அப்ப வேண்டாம்!" மூன்றே நாளில் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

நேற்று அக்காவின் கணவரிடம், வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டேன். "ஒரு தடவைகூட வேண்டாம்னு சொன்னதில்லப்பா. எல்லாத்துக்கும் சரின்னுட்டு, அவளுக்குப் பிடிச்சதையே செஞ்சிடுவா" என்றார். சிரிக்காதீர்கள் ஐயா, நீங்கள் சொன்னதுதான்!

இனி நான் சொல்வது என் குற்றம். ஒரு கோடையில் அக்கா இரண்டு வாரம் விடுப்பில் போனார். தன் சாவியை என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனார். விளம்பரப் பிரிவு என்னிடம் வந்தது. சத்துப் பொடிக்குத் தள்ளுபடி, ஒரே ஒரு அறிவிப்பு என்றார்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு சாவியையும் நானே தட்டினேன். ஒன்று மூன்றானது. அந்த வாரம் சர்வர் பதிவைத் திறந்தால் 410, 410, 410! ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர் அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர், மூன்றாம் வரிசையில் இருக்கும் நம் தையல்காரர். அவருடைய டயாலிசிஸ் இயந்திரம் பழுதானதால் மாலைக்குப் பதில் காலையிலேயே வரச் சொல்லி அறிவிப்பு அனுப்பினோம். அது அவருக்குப் போய்ச் சேரவில்லை. மாலையில் வந்தார், இயந்திரம் இல்லை. மறுநாள் கால்கள் வீங்கி, மூச்சுத் திணறி, தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்தார். ஆனால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அக்கா திரும்பி வந்தார். என்னைத் திட்டினாரா? இல்லை! நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "பாதிப் பேருக்கு நீ போன் பண்ணு, பாதி நான்" என்றார். ஒரு முறை மறுத்த போனைச் சர்வரிலிருந்து திறக்க வழியே கிடையாது, அவர்களே மனம் வைத்துத் திறக்க வேண்டும். பதினோரு நாள், ஒவ்வொருவரையும் அழைத்து மன்னிப்புக் கேட்டோம். தையல்காரர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "இனிமே பொடி விக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?" என்றார். "என் சாவி என் கையில இருக்கற வரைக்கும் நிச்சயம்ணே" என்றார் அக்கா. அப்போதுதான் அவர் அனுமதியைத் தொட்டார்.

அன்பர்களே, அந்தக் கை இன்று இல்லை. நேற்று மாலை விளம்பரப் பிரிவு மேலாளர் என்னிடம் வந்தார். "அக்கா சாவிய எங்ககிட்டயே குடுத்துடுங்க சார், எல்லாருக்கும் வேலை சுலபமாயிடும்" என்றார். நல்ல மனிதர், கேட்பதும் பணிவாகத்தான் கேட்கிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் ஒரு முறை வழுக்கியவன். என் பக்கத்துச் சாவி வழுக்காத ஒருவரிடம் இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல முழு உரிமை உள்ளவர் யார்? அந்த அறிவிப்பு வராவிட்டால் உயிருக்கு மன்றாடப் போகிறவர்தானே!

இயக்குநர் ஐயா அவர்களே, அக்காவின் சாவியை நம் தையல்காரரிடம் கொடுக்க வேண்டும் என்று இந்தச் சபை முன் கேட்கிறேன். தலையை ஆட்டினால் போதாது ஐயா, மைக்கில் சொல்லுங்கள்!

"குடுத்துடுங்க."

எல்லோரும் கேட்டீர்கள் அல்லவா? அக்காவின் வேலை இன்றே தொடர்கிறது. நாளைக் காலை ஆறு மணி முறையில் ஒன்பது பேருக்கு நேரம் மாறியிருக்கிறது, அறிவிப்பு தயாராகக் காத்திருக்கிறது. என் சாவியை நான் தட்டிவிட்டேன். தையல்காரர் அண்ணே, அழுதது போதும், மேடைக்கு வாருங்கள். போனையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.