திருமதி ஹோல்ட்டுக்கு விழுந்த பரிசு

— திரையை இழுத்து விடு, வெர்னா. எதிர்க்கடை மேபல் இங்கேயேதான் பாத்துக்கிட்டு நிக்கிறா.

— பாக்காம என்ன செய்வா? ரிப்பன் கட்டின வாஷிங் மெஷினை நம்ம செருப்புக்கடை வாசல்ல வண்டிக்காரன் இறக்கிட்டுப் போயிருக்கான். போற வர்றவங்க எல்லாம்தான் பாக்குறாங்க.

— அந்தப் புது ஷாப்பிங் சென்டர் குலுக்கல்ல ஒலிபெருக்கி வெச்சு உன் பேரை வாசிச்சானாமே! "திருமதி வெர்னா ஹோல்ட், மெயின் வீதி"ன்னு. மானம் போச்சு.

— யார் மானம், கிளைட்?

— நம்ம மானம்தான். ‘புது ஷாப்பிங் சென்டரில் கால் வைக்க மாட்டோம்’னு இந்த வீதியில கடைக்குக் கடை அட்டை மாட்ட வெச்சவன் நான். நாளைக்குக் கடைக்காரங்க சங்கக் கூட்டத்துல எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் தலைவர் நாற்காலியில உக்காருவேன்?

— நான் அங்க போயிருப்பேன்னு நெனைக்கிறியா?

— நான் அப்படிச் சொல்லலியே. உன் தங்கச்சி விளையாட்டா உன் பேரை எழுதிப் போட்டிருப்பா. அப்படியே சொல்லிடலாம்.

— அவ ஒஹாயோவுல புள்ளைங்களோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கா. அவ தலையில ஏன் கட்டுற?

— அப்ப வேற யாராவது...

— யாராவதுன்னா? என் மூஞ்சியைப் பாத்துப் பேசு.

— முடியல, வெர்னா.

— பரவால்ல, சொல்லு.

— நான்தான். போன வியாழக்கிழமை மொத்த வியாபாரியைப் பாக்கப் போறேன்னு சொன்னேனே, பொய். அங்கதான் போனேன். நமக்கு ஒரு கடை வாடகைக்குக் கெடைக்குமான்னு கேக்கத்தான்.

— கெடைச்சுதா?

— சின்னக் கடைங்களுக்கு இடம் இல்லையாம். அங்க இருந்த மேனேஜருக்கு என் வயசுல பாதிகூட இருக்காது. உக்காருன்னுகூடச் சொல்லல. வெளிய வந்து தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டு நீரூத்துப் பக்கத்துல நின்னேன். சென்டரைச் சுத்தி அந்தப் பழைய வெங்காய வயல் முழுக்க வண்டி நிக்குது, வெர்னா! நம்ம வாடிக்கைக்காரங்க பாதிப் பேரு அங்கதான். ஒரு பொண்ணு வந்து குலுக்கல் சீட்டை நீட்டுனா. எழுதிப் போட்டுட்டேன்.

— என் பேரை ஏன் எழுதுன?

— என் பேரை எழுதக் கூசிச்சு.

— என் பேரை எழுதக் கூசலையா?

— விழும்னு யாரு கண்டா? வெக்கங்கெட்டவன் நான். என் தொப்பியை எடு. இப்பவே மேபல்கிட்டப் போயி, போனது நான்தான்னு சொல்லிடறேன்.

— உக்காரு, கிளைட். வண்டிக்காரன் மெஷினோட நீ எழுதுன அந்தச் சீட்டையும் என் கையிலதான் குடுத்தான். இருவது வருஷமா செருப்புப் பெட்டி மேல நீ அளவு எழுதற எழுத்து எனக்குத் தெரியாதா? பாத்த கையோட மேபல்கிட்டப் போயி, நான்தான் போனேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.