எட்டாம் பக்கத்துக் கமா

கைப்பேசியின் பின்செல்லும் பொத்தான் மிகவும் சாது. வந்த வழியே கொண்டுபோய் விடும். எழுதியதை எழுதியபடியே வைத்திருக்கும். செயலி என்றால் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று எங்கள் அலுவலக விதிகளில் எழுதிவைத்தவனே நான்தான். ஆகவே தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன் ஐயா.

சித்தி மகன் என்னைவிட இரண்டு வயது சின்னவன். எதை எழுதினாலும் மூன்று முறை திருப்பிப் பார்ப்பான். பரீட்சையில் மணி அடிக்கும்வரை பார்ப்பான். நான் பாதியிலேயே வெளியே வந்துவிடுவேன்.

"அவன் விடைத்தாள மூணு தடவ பாக்குறான். நீ வினாத்தாள ஒரு தடவயாவது பாத்தியாடா?" என்பாள் அம்மா.

வெளிநாட்டு மேற்படிப்புக்கான விண்ணப்பச் செயலியை எங்கள் அலுவலகம்தான் செய்தது. மொத்தம் ஒன்பது பக்கம். வயது வரம்பின்படி அவனுக்கு இதுவே கடைசி வருடம். அவன் கடைசி நாளில்தான் நிரப்புவான் என்பது எனக்குத் தெரியும். அன்று காலை செயலியின் நிரலில் இரண்டே இரண்டு வரிகளை நீக்கினேன். நேராக எழுதி அனுப்புகிறவர்களுக்கு ஒரு குறையும் வராது. பின்னால் போகிறவர்களுக்கு மட்டும் வெறும் முதல் பக்கம் வரும்.

நான்கு மணிக்கு அழைத்தான். "அண்ணா, எட்டாம் பக்கத்துல ஒரு கமா போடப் பின்னாடி போனேன். எல்லாம் போச்சுண்ணா."

"பதறாதடா, அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. இப்பதான் சரி பண்ணேன். மறுபடி நிரப்பு. வழக்கம்போல ஒரு தடவ திருப்பிப் பாத்துட்டு அனுப்பு."

அண்ணன் சொல்லைத் தட்டாத பிள்ளை. ஐந்துக்கு ஆறு நிமிடம் இருந்தபோது மறுபடி முதல் பக்கத்தில் நின்றான். என் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தேகாலுக்கு அந்த இரண்டு வரிகளையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அன்று இன்னும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பின்னால் போயிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

பொறாமை என்று எழுதுகிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அவன் நல்லதுக்குத்தான். இப்போது அவன் எதையும் திருப்பிப் பார்ப்பதில்லை. வீட்டைப் பூட்டினோமா என்றுகூட. அறையைவிட்டு அதிகம் வெளியே வருவதும் இல்லை.

போன வாரம் சித்தி அம்மாவிடம் அழுதாள். "உன் பையன் மாதிரி ஒரே மூச்சுல அனுப்பித் தொலச்சிருக்கலாமேக்கா இவன்."

இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக என்னை உதாரணம் காட்டினார்கள். அந்த வாக்கியத்தை மட்டும் நான் பலமுறை திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

வாக்குமூலத்தை ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். வேண்டாம் ஐயா, நேராகவே போட்டுவிடுகிறேன். திருப்பிப் பார்க்கிறவர்கள் என்ன ஆகிறார்கள் என்று பார்த்தவன் நான்.