விரதம் பிடித்த விளக்கு

வெள்ளவத்தை, கொழும்பு,
1938 மார்கழி.

சம்பந்தி நாகேந்திரம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். முட்டைகள் மட்டுமே சுகமில்லை. அதைப் பற்றித்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மகன் யோகநாதன் குஞ்சு பொரிக்க வைக்கும் அடைகள் திரும்பத் திரும்பக் கெட்டுப்போவதற்கு என் மகள் அருந்ததியின் ராசி காரணமோ என்று சம்பந்தி அம்மா ஐயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அருந்ததியின் ராசியில் ஒரு பிழையும் இல்லை. பிழை செய்தவன் நான். எங்கள் வீட்டுப் பெண்மேல் ஒரு சொல் விழக்கூடாது. ஆகவே நடந்ததை, முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக எழுதிப் பழகிய ஒழுங்கில், எழுதுகிறேன்.

சித்திரை மாதம் மருமகன் அந்த அடைப்பெட்டியை வாங்கிவந்தார். ஒரு பெரிய பயணப்பெட்டி அளவு. பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. அதன் சூடு குழாய் வழியாக உள்ளே போகும். முன்னால் சிறு கண்ணாடி, அதற்குள் சூடுமானி. அடியில் தண்ணீர்த் தட்டு. காற்றுக்கு எட்டுத் துளைகள். அறுபது முட்டைகளை நூற்றுமூன்று பரனைட் பாகைச் சூட்டில் இருபத்தொரு நாள் வைத்திருந்தால், கோழி இல்லாமலே குஞ்சு வரும்.

சைவ வீட்டில் முட்டையா என்று கேட்டேன்.

"சாப்பிடுறதுக்கில்லை மாமா, குஞ்சுக்கு" என்றார்.

பின்விறாந்தையில் வைக்க அனுமதித்தேன். என் சாய்வு நாற்காலியும் அங்கேதான் இருக்கிறது. அன்று இராச் சாப்பாட்டின்போதுதான் மிச்சத்தைச் சொன்னார்.

"ஒரு அடை ஒழுங்கா வந்திட்டுதெண்டால் வேலையை விடுறனெண்டு எழுதிக் குடுத்திட்டு இரத்மலானையில காணி எடுத்திடுவம். கோட்டையில ஹோட்டல்காரர் முட்டைக்கு அலைஞ்சு திரியினம், மாமா."

அருந்ததியும் சேர்ந்துகொண்டாள். "எனக்கும் விருப்பந்தான் ஐயா. இஞ்ச பகல் முழுக்கச் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கு, கோழியைப் பாக்கலாம்."

நான் அரசாங்கக் கிளாக்கர் ஒருவருக்குத்தான் பெண் கொடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பம்பலப்பிட்டிக் கோயில் வாசலில் ஒருவர் என்னைப் பார்த்து, "என்ன பெரிய கிளாக்கர், முட்டை டசின் என்ன விலை?" என்று கேட்டார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். மனைவியும் காலமான பிறகு, பிள்ளைகள் இருவரும் இரத்மலானைக்குப் போனால் வீட்டில் நான் தனியாள் என்பதைச் சிலர் ஞாபகப்படுத்தினார்கள். அது இந்த விடயத்தில் சேராது.

பெட்டியோடு ஒரு சிறு புத்தகம் வந்திருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை. இடப்பக்கம் முட்டையில் காணும் குறை, வலப்பக்கம் அதற்கான காரணம். மருமகன் அதை இடமிருந்து வலமாக வாசித்தார். நான் வலமிருந்து இடமாக வாசித்தேன்.

மருமகன் நாலரைக்குத்தான் கந்தோரால் வருவார். அருந்ததி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணி வரை படுப்பாள். இரண்டு மணிக்கு விறாந்தையில் நானும் பெட்டியும்தான்.

முதல் அடையின் ஐந்தாம் நாள் திரியை ஏற்றினேன். மானி நூற்றுப்பன்னிரண்டுக்குப் போனது. மூன்றரைக்கு இறக்கிவிட்டேன். ஏழாம் நாள் மருமகன் முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். உள்ளே நரம்பு ஓடியிருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு வளையம். ஓடிக்கொண்டிருந்த உயிர் நின்றுவிட்டால் அப்படித்தான் தெரியும் என்று புத்தகம் சொல்கிறது. முட்டை பழையதாக இருக்கலாம் என்று நான் ஒரு கருத்துச் சொன்னேன். முட்டை தந்தவர் பக்கத்து வீட்டுப் பறங்கியர் ஒஸ்வால்ட். அவர் வேலியடிக்கு வந்துவிட்டார்.

"என்ட முட்டையைக் குறை சொல்ல வேணாம், மிஸ்டர். என்ட சேவல் உங்களைப் போல பென்சன் எடுத்த சேவல் இல்லை, மென்."

அவரோடு பதினெட்டு வருடப் பழக்கம் அன்றோடு நின்றது.

மருமகன் நல்ல பொறுமைசாலி, உங்கள் வளர்ப்பு. மண்ணெண்ணெயை மாற்றினார். கடற்காற்று விளக்கில் படுகிறதென்று பெட்டியை மூலைக்கு நகர்த்தி, தட்டி கட்டினார். ஆகவே இரண்டாம் அடையில் நான் விளக்கின் பக்கம் போகவில்லை. பத்தொன்பதாம் நாள்வரை பொறுத்திருந்தேன். பிறகு என் பழைய சால்வையை எட்டுத் துண்டாகக் கிழித்து எட்டுத் துளைகளையும் அடைத்தேன். அந்த வேளையில் சில குஞ்சுகள் உள்ளிருந்து முட்டையோட்டைக் கொத்தத் தொடங்கியிருந்தன. நாற்காலியில் சாய்ந்திருந்து கேட்டால், கைக்கடிகாரத்தைக் காதில் வைத்ததுபோல மெல்லிய சத்தம். மூன்றேகாலுக்கு அது நின்றது. துண்டுகளை எடுத்துவிட்டேன்.

அடுத்தடுத்த நாள்களில் ஒன்றும் வராததால் மருமகன் ஓடுகளை உடைத்துப் பார்த்தார். அறுபதும் முழுக் குஞ்சு. அருந்ததி அன்று சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், எனக்கு நேரம் தவறக்கூடாது.

மூன்றாவது அடையை வைக்கும்போது மருமகன் சொன்னார், "இதுவும் பிழைச்சால் பெட்டியை வித்திட்டு வாயைப் பொத்திக்கொண்டு கந்தோருக்குப் போறன்." எனக்கு அது போதும். ஆனால் இம்முறை அவர் ஒரு கொப்பியையும் பெட்டியின் மேல் வைத்தார். காலையில் தானும், மத்தியானம் ஒரு மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் அருந்ததியும் சூட்டைக் குறிக்க வேண்டும். கொப்பி இருப்பதால் நானும் அவதானமாக நடந்தேன். ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்குத் திரியைக் கொஞ்சமாக இறக்குவேன். மூன்றரைக்குப் பழையபடி வைத்தாலும், நாலு மணிக்குள் பெட்டி பழைய சூட்டுக்கு வராது. மானி தொண்ணூற்றைந்தில் நிற்கும்; பின்னேரக் கடற்காற்று என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மெல்லிய குளிரில் குஞ்சு மெல்லத்தான் சாகும் என்று புத்தகம் சொல்கிறது.

இங்கே ஒன்றை நீங்கள் அறிய வேண்டும். நான் வெள்ளிக்கிழமையில் உயிர்வதை செய்வதில்லை. பதினெட்டு வயதிலிருந்து அப்படி.

அடையின் கடைசி வாரம் கந்தசஷ்டி தொடங்கியது. ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் இருந்தேன். விரதகாலத்தில் திரியைத் தொட மனம் வரவில்லை. சூரசங்காரம் பார்த்து, அரோகரா சொல்லி, நீறு பூசி வீட்டுக்கு வந்தால், பின்விறாந்தையில் கீச்சுக் கீச்சென்று சத்தம். இருபத்திமூன்று குஞ்சுகள். சூரனைப் பிளந்து சேவலைக் கொடியில் ஏற்றிய நாளில், முருகன் எனக்குக் காட்டிய வேலை அது.

அடுத்த நாள் மருமகன் கொப்பியை என் முன்னால் விரித்து வைத்தார்.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்கோ. நாலு மணிக்கு எந்த நாளும் தொண்ணூற்றைஞ்சு. வெள்ளிக்கிழமை மட்டும் நூற்றிமூண்டு. சஷ்டி ஆறு நாளும் நூற்றிமூண்டு. எங்கட விளக்கு விரதம் பிடிக்குதோ?"

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, நீங்களோ?" என்றாள் அருந்ததி.

"நான் ஒரு முட்டையையும் கையால தொடேல்லை" என்றேன். அது உண்மை.

"தொடாமல் எத்தினை, ஐயா?"

அறுபதும் அறுபதும் முப்பத்தேழும், மொத்தம் நூற்றைம்பத்தேழு என்றேன். அவள் ஏன் அழுதாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டதற்குத்தான் சொன்னேன்.

காரணத்தையும் சொன்னேன். கோயில் வாசலில் நடந்ததைச் சொன்னேன். மருமகன் கொப்பியை மூடினார். பிறகு சிரித்துவிட்டார்.

"சரி மாமா. நான் வேலையை விடேல்லை. இரத்மலானையில இருந்து ரெயிலில கந்தோருக்குப் போறன், கோழியை அருந்ததி பாக்கட்டும். அவவின்ர பேரில நடக்கட்டும். உங்கட மருமகன் எப்பவும் கிளாக்கர்தான். போதுமோ?"

போதும் என்றேன். போதாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. நான் கேட்ட எல்லாவற்றையும் அவர் தந்துவிட்டார்.

"இருபத்திமூண்டோட போய் என்ன பண்ணை? இன்னொரு அடை வைப்பம். முட்டை வைச்ச பெட்டியை வண்டியில ஏத்தி ஆட்டக்கூடாது. அது பொரிச்ச பிறகு எல்லாரும் வெளிக்கிடுவம்" என்றார். போகும்போது என் தோளில் கையும் வைத்தார். "திரி விசயத்தில மாமாவை மிஞ்ச ஆளில்லை. இனிமேல் விளக்கு உங்கட பொறுப்பு."

எல்லாரும் என்று சொன்னாரே தவிர, என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். சம்பந்தம் செய்த வீட்டில் போய் இருப்பது எங்கள் பரம்பரையில் இல்லை.

இனி நீங்கள் கேட்ட நாலாவது அடை. பதினெட்டு நாள் அந்த விளக்கை ஒரு தாய்போலப் பார்த்தேன். நாலு மணிக் கொப்பியில் ஒரு நாளும் நூற்றுமூன்று தவறவில்லை. வியாழக்கிழமை வண்டிக்குச் சொல்லி வைத்தார்கள். அருந்ததி சட்டி பானையைக் கடதாசியில் சுற்றிக் கட்டினாள். சுவரில் அவளுடைய படம் இருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்குத் திரியை முழுக்க ஏற்றினேன். வேலை போகவில்லை. பெயர் கெடவில்லை. கோயில் வாசலில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனாலும் ஏற்றினேன்.

மருமகன் என்னைச் சந்தேகிக்கவில்லை. விளக்கின் கண்ணாடி வெடித்திருக்கிறது என்று தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, புதுக் கண்ணாடி மாட்டினார். வண்டிக்காரனுக்கு வரவேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். அருந்ததி கட்டிய சட்டி பானையை அவிழ்த்தாள். அறுபது முட்டை மறுபடி வந்தது. இருபத்தொரு நாள்.

இன்று அதற்குப் பதினேழாம் நாள். மருமகன் கந்தோரில். அருந்ததி உள்ளே படுத்திருக்கிறாள். கதவு திறந்திருப்பதால் அவளுடைய மூச்சு கேட்கிறது. நான் செய்ததெல்லாம் குடும்ப மானத்துக்காகவே என்பதைச் சம்பந்தி அம்மாவிடம் தெளிவாகச் சொல்லுங்கள். கடிதத்தை இத்துடன் நிறுத்துகிறேன். மணி இரண்டாகிறது.