செமினியில் வாங்கிய கம்ப்ரசர்

அந்தி நேரத்து மஃரிப் பாங்கு ஓய்ந்து சற்று நேரம்... செமினியிலிருந்து டிங்கில் பக்கமாக வரும் செம்பனைத் தோட்டத்துச் சாலை. இரண்டு பக்கமும் கும்மிருட்டு. அதில் ஒரே ஒரு லோரி. ஓட்டி வந்தவன் யுகேந்திரன், நம் செந்தூரனுக்கு மச்சான். கிள்ளானில் டயர் கடை வைத்திருக்கிறானே, அவனேதான். சிரிக்காமல் கேளுங்கள். அவன் சொன்னபோது நாங்களும் முதலில் சிரித்தோம்.

லோரியின் பின்னால் ஒரு பழைய ஏர் கம்ப்ரசர். மூடிப்போன பட்டறை ஒன்றில் சந்திரகலா என்ற அம்மாள் விற்றது. மோட்டார் ஓடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "காத்துத் தொட்டி நல்லாருக்கு தம்பி, அத மட்டும் வச்சுக்குங்க. மோட்டார கழட்டிப் போட்டுருங்க. ரிப்பேர் மட்டும் பாக்காதீங்க லா."

யுகேந்திரன் கேட்கிற ஆளா? ஓடாத மோட்டாரைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது.

கடைக்கு மேலேதான் வீடு. மனைவி வாணி, ஆறு வயது மகள் தாரா. தாராவுக்கு மூச்சிரைப்பு உண்டு. மழை பிடித்துக்கொண்டால் அவள் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பான். அந்தப் பிள்ளைதான் அவனுக்கு எல்லாமே.

வந்ததும் வராததுமாக சுவிட்சைப் போட்டான். ம்ம்ம்ம்... உறுமல் மட்டும். சுற்றவில்லை. டக். கரண்ட் டிரிப் ஆனது. கெப்பாசிட்டர் போயிருக்கும் என்று புதியதை மாட்டினான். ம்ம்ம்ம்... டக். தொட்டியில் பழைய காற்று தங்கி மோட்டாரை அமுக்குகிறதோ என்று அடி வால்வைத் திறந்து பார்த்தான். காற்றே இல்லை. பிள்ளைகளுக்கு நெஞ்சில் தேய்க்கும் தைல வாடை மட்டும் லேசாக வந்தது. மேலே வாணி தேய்த்துவிடுகிறாள் போல என்று வால்வை மூடினான்.

பெல்ட்டைக் கழற்றினான். அப்போதும் மோட்டார் அசையவில்லை. ஆகக் கோளாறு மோட்டாருக்குள்தான். பின்மூடியைத் திறந்து டார்ச் அடித்தான்... விசிறிக்கு அடியில், தண்டைச் சுற்றி நெருக்கமாகக் கறுப்பு நூல். முடிச்சுக்கு மேல் முடிச்சு.

ஆயுத பூசைக்கு நாம் மெஷினுக்கெல்லாம் நூல் கட்டுகிறோம் இல்லையா? மஞ்சள் நூல். அதுதான் விசிறிக்குள் இழுபட்டு, கிரீஸ் பட்டுக் கறுத்திருக்கிறது என்று இவன் நினைத்தான். கிரீஸ் பட்ட நூல் விரலில் பிசுபிசுக்கும். இது காய்ந்து கிடந்தது. அதை அவன் கவனித்தான். கவனித்தும் அறுத்தான்.

தண்டு, விரல் பட்டதும் சுழன்றது. பெல்ட்டை மாட்டிச் சுவிட்சைப் போட்டான். தப்... தப்... தப்... காற்றழுத்த முள் ஏற ஆரம்பித்தது. சந்தோஷத்தில் வாணியைக் கூப்பிட வாயெடுத்தான். அதற்குள் அவள் அவனைக் கூப்பிட்டாள்.

மேலே ஓடினான். தாரா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம். இன்ஹேலர் அடித்தும் கேட்கவில்லை. கீழே தப் என்றால் இங்கே அவள் நெஞ்சு ஒடுங்குகிறது. தப்... ஒடுங்குகிறது. தப்... இன்னும் ஒடுங்குகிறது. நிமிரவே இல்லை.

எப்படிப் படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. சுவிட்சை அணைத்தான். மேலே வாணியின் அழுகை நிற்கவில்லை. அடி வால்வைத் திறந்தான். ஸ்ஸ்ஸ்... காற்று சீறிக்கொண்டு வந்தது. பிள்ளை ஒரு பெரிய மூச்சு இழுத்தது கீழே வரை கேட்டது.

"வந்துருச்சுங்க... மூச்சு வந்துருச்சு" என்றாள் வாணி. அவன் சிமெண்ட் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

முள் பூஜ்யத்துக்கு வந்தது. வால்வில் காற்று நிற்கவில்லை. வெளியே வந்தது... சற்று நின்றது... உள்ளே போனது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். வெதுவெதுப்பு. தூங்குகிற பிள்ளையின் மூக்கருகே கை வைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

பயத்தில் சந்திரகலாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னான். நூலை அறுத்ததையும் சொன்னான். அவர் திட்டவில்லை. தன் மகள் நிலானியும் அந்த மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மூச்சு முட்டிச் செத்துப்போனாள் என்றார். அது மறுபடி ஓடக் கூடாதென்று அந்த நூலைக் கட்டியதும் தான்தான் என்றார். பிறகு கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"போனை அந்த வால்வுகிட்ட வைங்க தம்பி. ஒரே ஒரு தடவ."

மனசு கேட்கவில்லை. குனிந்து வைத்தான். "நிலானி..." என்று அவர் கூப்பிட்டது, பக்கத்தில் இருந்த அவனுக்கே சன்னமாகத்தான் கேட்டது.

வால்வில் மூச்சு நின்றது.

மேலே, கதவு சாத்திய அறையிலிருந்து, தாரா பதில் சொன்னாள். "இங்க இருக்கேன்மா... வெளிய வந்துட்டேன்."